ரயர் வெளியீட்டு விழா

கண்டல்துறை மக்கள் ஒன்றியம் – கனடா, தன்னுடைய இருபத்தாறு வருட வரலாற்றில் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. கேள்விகளுக்குக் குழு அமைத்திருக்கிறது. பதினாறு வருடமாகச் சந்தா கட்டிவரும் கஸ்பருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒக்ரோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு, ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் அவன் இப்படி எழுதிவிட்டான்:

"வணக்கம். பழைய கொறோலாக் காருக்கு நாலு ரயர் போடவேணும். வருசம் முழுக்க ஓடக்கூடிய, ஸ்னோவுக்கும் தாங்கக்கூடிய, விலை குறைஞ்ச ரயர் எது? தெரிஞ்சவை சொல்லுங்கோ."

ரோசாப்பூ போட்ட காலை வணக்கங்களும் மரண அறிவித்தல்களும் மட்டுமே வந்துபோகும் அந்தக் குழு நாலு மணித்தியாலம் மூச்சுக் காட்டவில்லை. பிறகு தலைவரிடமிருந்து பதில் வந்தது. 'உறுப்பினர் கஸ்பரின் காலத்துக்கேற்ற வினா நிர்வாகசபையின் கவனத்துக்கு எடுக்கப்படுகிறது. மற்ற உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் பதில் அளிப்பதைத் தவிர்த்துக்கொள்ளவும்.'

கேள்வி சின்னதுதான். அதற்குப் பின்னால் இருந்த விசயம் அவ்வளவு சின்னதல்ல. கஸ்பரின் மனைவி வேரோனிக்காவுக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை. அவர்கள் இருந்தது நகரத்துக்கு மற்றப் பக்கம், ரூஜில், ஒரு பேஸ்மென்றில். வேலை விடிய ஆறு மணிக்குத் தொடங்கும். பஸ்ஸில் போவதென்றால் முதல்நாளே வெளிக்கிட வேண்டும். ஆகவே அவள் நாலரைக்குக் காரை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறுவாள். போன வருசம் முதல் ஸ்னோ கொட்டிய அன்று, நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் கார் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த லொறிக்காரன் எப்படியோ நிறுத்திவிட்டான். அவனுடைய லைற் வெளிச்சத்தில், கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஆடி ஆடி ஓயும்வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். இதை ஒருதரம்தான் சொன்னாள். அன்றைக்கு வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியதை, அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் எழுதி வைத்தார்கள். கோடையில் இன்னொருநாள் பிந்தியதையும் எழுதி வைத்தார்கள். மூன்றாவதை எழுத மாட்டார்களாம். வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம்.

கஸ்பர் முதலில் போனது சரியான இடத்துக்குத்தான். பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் சுலக்சன், குனிந்து பார்த்துவிட்டு ரயர் நாலும் மொட்டை என்றான்.

"அங்கிள், விண்டர் ரயர் ஒரு செற், சமர் ரயர் ஒரு செற் எண்டு வைக்க உங்களிட்டை இடமில்லை. சோ ஒரே செற்தான். ஆனா ஓல் சீசன் எண்டு எழுதியிருந்தாக் காணாது. ரயரின்ர பக்கத்தில மலை கீறி, மலைக்குள்ள ஸ்னோப்பூ கீறியிருக்கோணும், அதுதான் ஸ்னோவுக்குத் தாங்கும். பெரிய பேர் இல்லாத கம்பனியிலயும் அது இருக்கு. சீப்பாத்தான் வரும். ட்ரஸ்ற் மீ."

இரண்டு நிமிடத்தில் முடிந்த விசயம். ஆனால் ஒரு சாமானை வாங்குவதற்கு முதல் எங்கள் ஆட்கள் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். விசாரிக்காமல் வாங்கிய சாமான் வீட்டுக்கு வந்த பிறகும் களவெடுத்ததுபோலவே கிடக்கும். கஸ்பர் நாலு பேரிடம் விசாரிக்கப்போய் நானூறு பேரிடம் விசாரித்துவிட்டான்.

அன்று பின்னேரமே தலைவர் மகேஸ்வரன் போன் எடுத்தார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்து முகாமையாளராக இருந்தவர். ஒன்றியத்துக்குப் பதினொரு வருடமாக இடைக்காலத் தலைவர்.

"கஸ்பர், நீர் உதைச் சின்ன விசயம் எண்டு நினைச்சுக் கேட்டிருக்கிறீர். உது உம்மட பிரச்சினை இல்லை. சமூகத்தின்ர பிரச்சினை."

"இல்லையண்ணை, என்ர காருக்குத்தான்."

"அதைத்தான் சொல்லுறன். உம்மட காருக்கு நீரே ரயர் வாங்கினா, நாளைக்கு அவனவன் தன்ர தன்ர காருக்குத் தானே வாங்கத் தொடங்குவான். பேந்து ஒன்றியம் எதுக்கு?"

ஒன்றியம் மொத்தமாக எடுத்தால் விலை விழும், இரண்டு கிழமை பொறுத்தால் போதும், அதற்கிடையில் வெளியில் வாங்குவது சபையை அவமதிப்பதாகும் என்றெல்லாம் தலைவர் விளக்கினார். கஸ்பர் அன்றிரவே காசை அனுப்பிவிட்டான். திட்டத்துக்கு 'உறுப்பினர் குளிர்கால நலத்திட்டம்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

"இரண்டு கிழமையோ?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

ரயர்த் தெரிவு உபகுழு ஐந்து பேரைக் கொண்டது. அதில் ஒருவருக்கும் கார் இல்லை. இது தற்செயலல்ல என்றும், கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காருக்குச் சார்பாக நடக்கக்கூடும் என்பதால் ஒன்றியத்தின் யாப்பு விதிகளின்படி அவர்களை விலக்கியதாகவும் செயலாளர் கிளிபோட் முதல் கூட்டத்திலேயே தெரிவித்தார். அங்கத்தவர்களில் மூவர் பஸ்ஸில் வந்தார்கள். ஒருவர் நடந்து வந்தார். ஐந்தாமவரை மகன் காரில் கொண்டுவந்து இறக்கினான். அவனை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். கஸ்பர் விண்ணப்பதாரர் என்ற வகையில் பேச்சுரிமையற்ற பார்வையாளராக ஒரு மூலையில் இருத்தப்பட்டான்.

முதலில் மௌன அஞ்சலி. அடுத்து, சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். இதுவே முதல் கூட்டம் என்பதால் சென்ற கூட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. அறிக்கை வாசிக்காமல் கூட்டம் நடத்தவும் யாப்பில் இடமில்லை. கிளிபோட் யோசித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் நடந்த கலைவிழா உபகுழுவின் அறிக்கையை வாசித்தார். வடை முந்நூறு அல்ல முந்நூற்றைம்பது என்று ஒருவர் திருத்தம் சொன்னார். திருத்தத்துடன் ஏகமனதாக நிறைவேறியது.

பிறகுதான் விசயத்துக்கு வந்தார்கள். வந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை புனிதவதி அன்ரி கையை உயர்த்தினார்.

"தமிழருக்குப் பருவம் ஆறு. கனடாவுக்கு நாலு. இந்த ரயர்க்காரன் எல்லாப் பருவமும் எண்டு எழுதியிருக்கிறான். எத்தினையைச் சொல்லுறான்? முன்பனிக்கு வேறை ரயர், பின்பனிக்கு வேறை ரயர் எண்டு நாளைக்கு வந்து நிண்டா ஆர் பொறுப்பு?"

சபை திகைத்துப்போனது. இப்படியொரு கோணம் இருப்பதை ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அந்தக் கூட்டமும் அடுத்த கூட்டமும் இதிலேயே போயின. ஈற்றில் கம்பனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். கம்பனி நன்றி தெரிவித்து, கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு விலைக்கழிவுச் சீட்டு ஒன்று அனுப்பியது. அது கடிதக் கோவையில் இடப்பட்டது.

மூன்றாவது கூட்டத்தில், மலையும் ஸ்னோப்பூவும் போட்ட அடையாளத்தைப் பற்றிச் சொல்லலாமென்று கஸ்பர் கையை உயர்த்தினான். உயர்த்தியபடியே பதினைந்து நிமிடம் வைத்திருந்தான். அறிக்கையில், 'பார்வையாளர் ஒருவர் தோள்நோவினால் கையை உயர்த்தி வைத்திருந்தார்' என்று பதிவானது.

நவம்பர் பிறந்தது. வேரோனிக்கா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "ரயர் வந்திட்டுதோ?" என்று கேட்பாள். சாப்பிட்டாச்சோ என்று கேட்பதுபோல் அது வழக்கமாகிவிட்டது. உபகுழு இதற்குள் இரண்டு கம்பனிகளைத் தெரிவு செய்திருந்தது. கண்டல்துறையில் கரைப்பக்கம், வயல்பக்கம் என்று இரண்டு பக்கம் உண்டு. கரைப்பக்கத்தார் ஒரு கம்பனியை ஆதரித்தார்கள். ஆகையால் வயல்பக்கத்தார் மற்றதை ஆதரித்தார்கள். இரண்டு பக்கமும் தங்கள் ரயரைப் பற்றிச் சொன்னதைவிட, மற்றப் பக்கத்தின் பாட்டனாரைப் பற்றிச் சொன்னதுதான் கூட. அறுபத்தெட்டாம் ஆண்டு உடைந்த ஒரு மதகு இரண்டு கூட்டம் முழுக்கப் பேசப்பட்டது. கடைசியில் தலைவர் தன் குல்லாயைக் கழற்றி, இரண்டு பெயரையும் எழுதிப்போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்தார். ஏழு கிழமை ஆய்வின் முடிவு அதுதான்.

அந்த ஏழு கிழமைக்குள் மற்ற உறுப்பினர்கள் சத்தமில்லாமல் கடைகளுக்குப் போய் ரயர் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். மொத்தமாக எடுக்கும் திட்டத்தில் மொத்தம் கஸ்பர் ஒருவன்தான் மிஞ்சினான்.

ஒரு புதன்கிழமை நாலு ரயரும் தலைவருடைய வீட்டுக் கராஜுக்கு வந்து சேர்ந்தன. கஸ்பர் காரோடு ஓடினான். தலைவர் வாசலிலேயே நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு விழா. மண்டபம் எடுத்தாச்சு, நோட்டீஸ் அடிச்சாச்சு. அங்கை வந்து வாங்கும்."

"அண்ணை, ஞாயிறு பின்னேரம் ஸ்னோ தொடங்குதாம். விடிய வேரோனிக்கா வேலைக்குப் போகோணும்."

"வெளியிடாத ஒண்டை வெளியில விடேலாது, கஸ்பர்," என்றார் தலைவர். அதைச் சொல்லிவிட்டு, விழாவில் பேசுவதற்கு நல்ல வசனம் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொருதரம் மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

சுலக்சனைக் கேட்டால், ஞாயிறு ஆறு மணி வரைக்கும் நிற்பேன் என்றான். ஆறுக்கு மூடினால் மூடினதுதான். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு இடமில்லை.

நோட்டீஸில் பதினேழு பேருடைய படம் இருந்தது. ரயரின் படமும் இருந்தது, தேடினால் தெரியும். கஸ்பரின் பெயருக்கு நேரே 'வினாத் தொடுத்தவர்' என்று போட்டிருந்தது. ரொறன்ரோவில் நாங்கள் கண்ட ஒரே விழா வடிவம் புத்தக வெளியீடுதான். நாவலோ, நடனப் பள்ளியோ, பல் ஆஸ்பத்திரியோ, எது தொடங்கினாலும் அந்த ஒரே நிகழ்ச்சிநிரலுக்குள்தான் போட்டு எடுப்பார்கள். ரயரையும் போட்டார்கள்.

ஸ்காபறோவில் மண்டபம். ரயர் நாலும் தங்கநிறத் தாளில் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டி, மேடையில் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. இரண்டு மணி விழா மூன்றுக்குப் பத்து இருக்கும்போது தொடங்கியது. மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட அனுமதியில்லாததால் குத்துவிளக்கு பற்றரியில் எரிந்தது. ஐந்து பிரமுகர்கள் ஆளுக்கொரு சுவிட்சைத் தட்டினார்கள். ஒன்று எரியவில்லை. அதைத் தட்டியவர் விழா முடியும்வரை ஒருவரோடும் கதைக்கவில்லை. ஐயர் மேலே இருந்த ரயரின் தாளைக் கொஞ்சம் விலக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அடியில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார். ஃபாதர் ஆசீர்வதித்த தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் ரப்பரில் நிற்காமல் வழிந்தது. ஏழு கிழமை ஆய்வில் அந்த ரயர் ஈரத்தைக் கண்டது அந்த ஒருதரம்தான்.

தலைவர், தான் நீண்டநேரம் பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டு நீண்டநேரம் பேசினார்.

"இந்த ஒன்றியம் என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். ஊர்ப் பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டுவது பற்றி ஒன்பது வருடங்கள் ஆராய்ந்தோம். அவசரப்பட்டுக் கட்டியிருந்தால் இன்று அது வெடித்திருக்கும். நாங்கள் கட்டாதபடியால் இன்றுவரை அதில் ஒரு வெடிப்பும் இல்லை. அதே பொறுப்புணர்வோடுதான் இந்த ரயர் விடயத்தையும் கையாண்டோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

சபை கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த வேரோனிக்கா ஜன்னலைப் பார்த்தாள். முதல் ஸ்னோத்துகள் இரண்டொன்று இறங்குவோமா வேண்டாமா என்பதுபோல் காற்றில் நின்றன.

ஆய்வுரை புனிதவதி அன்ரியினது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேடையில் இருந்த ரயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"இதை நான் இன்னும் முழுமையாக உருட்டிப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. என்றாலும் மேலோட்டமாகத் தடவிப் பார்த்த அளவில் ஒன்று சொல்லவேண்டும். முதலாவது ரயரில் உள்ளதே இரண்டாவதிலும் இருக்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் கூட அதுவேதான். ஆசிரியர் தன்னைத்தானே திருப்பிச் சொல்கிறாரோ என்ற ஐயம் எழுகிறது. அடுத்த ரயரில் இதைத் தவிர்ப்பார் என எதிர்பார்க்கிறேன்."

ஆசிரியர் என்று அவர் சொன்னது யாரை என்று கஸ்பர் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதும் அவனுக்கு மூளை ஓடவில்லை. செயலாளர் கிளிபோட் ஒலிவாங்கியைப் பிடித்து, "முதற்பிரதியை எமது போசகர், வீடு விற்பனை முகவர் துர்க்கா அவர்கள் பெற்றுக்கொள்வார்," என்று அறிவித்தபோதும் ஓடவில்லை. துர்க்கா மேடைக்கு வந்து, ஒரு காசு உறையைத் தலைவரிடம் கொடுத்து, ரயரைக் கட்டிப்பிடித்துப் படத்துக்கு நின்று, இரண்டு இளந்தாரிமாரிடம் அதை உருட்டக் கொடுத்து, இன்னொரு நிகழ்வு இருப்பதாகச் சொல்லிப் பின்வாசலால் போனபோதுதான் கஸ்பர் கதிரையை விட்டு எழும்பினான். "சிறப்புப் பிரதியைப் பலகாரக்கடை அதிபர் அவர்கள்..." இரண்டாவது ரயர் போனது. மூன்றாவது ஒரு சட்டத்தரணிக்கு. நாலாவது மண்டபச் சொந்தக்காரருக்கு. மேடையில் எலுமிச்சம்பழம் மட்டும் மிஞ்சியது.

கஸ்பர் மேடைப் படியில் ஏறித் தலைவரின் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, அது என்ர ரயர் எல்லே."

"ஓமோம், உம்மடதான். ஆர் இல்லையெண்டது? புத்தகமும் எழுதினவன்ரதான். அதுக்காக அவன் அதைக் கொண்டுபோய் வீட்டை வைச்சுக்கொள்ளுறானோ?" தலைவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "உமக்குத் தேவையெண்டா சபைக்கு எழுதித் தாரும். அடுத்த செற் மார்ச்சுக்குள்ள வரும்."

மார்ச்சில் ஸ்னோ கரையும். கஸ்பர் அந்தப் படியிலேயே நின்றான். கோபம் வரவேண்டும்போல் இருந்தது. ஏழு கிழமையாக வந்து வந்து அதுவும் களைத்துவிட்டது.

"அடுத்து ஏற்புரை," என்றார் கிளிபோட். "ஆசிரியரின் துணைவியார் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்."

வேரோனிக்கா மேடைக்கு ஏறி வந்தாள். பொன்னாடையை விரித்து அவன் தோளில் போடும்போது, படப்பிடிப்பாளருக்குச் சிரித்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

"கையெழுத்து வைக்கோணும் எண்டு சொல்லுங்கோ."

"என்ன?"

"புத்தகம் எண்டா எழுதினவர் கையெழுத்து வைக்கிறேல்லையே? வைக்கிறதுக்குத் திருப்பித் தரச்சொல்லுங்கோ. கெதியாச் சொல்லுங்கோ, மணி நாலரை."

கஸ்பர் வாழ்நாளில் மேடையில் பேசியதில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றதும் தானாக மேடைத்தமிழ் வந்தது. "அனைவருக்கும் வணக்கம். சிறப்புப் பிரதி பெற்றவர்களுக்கு நன்றி. ஆனால் அவசரத்தில் ஒன்றிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை. கையெழுத்து இல்லாத பிரதிக்கு மதிப்பில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து என்னிடம் தாருங்கள். உங்கள் முழுப்பெயரும் எழுதித் தருகிறேன்."

பிரமுகர்களுடைய முகம் மாறியது. மதிப்பில்லாத ஒன்றைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துவிட்டோமோ என்ற பயம் அது. சட்டத்தரணி தன் ரயரைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, தன் பட்டங்களையும் சேர்த்து எழுதும்படி கேட்டார். பலகாரக்கடைக்காரர் கடையின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். மண்டபச் சொந்தக்காரர், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்றார். மூன்று ரயரும் ஐந்து நிமிடத்தில் காருக்குள் ஏறின.

முதற்பிரதி மட்டும் போய்விட்டது.

"மூண்டைப் பூட்டினாக் காணாதோ?" என்று கஸ்பர் போனில் கேட்டான். காணாது என்றான் சுலக்சன். நாலும் ஒன்றாக இருந்தால்தான் கார் ஸ்னோவில் ஒரு பக்கமாகப் போகுமாம். இல்லையென்றால் முன்பக்கம் ஒரு இடத்துக்கும் பின்பக்கம் இன்னொரு இடத்துக்கும் போகுமாம்.

துர்க்காவின் இன்னொரு நிகழ்வு ரூஜில், விற்பனைக்கு விட்டிருந்த ஒரு வீட்டைப் பார்வையிட ஆட்களைக் கூப்பிட்டிருந்ததுதான். அதை அவரே வட்ஸ்அப்பில் போட்டிருந்தார். தெருவில் ஸ்னோ ஒரு விரல் அளவுக்கு விழுந்திருந்தது. வேரோனிக்கா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி நடைவேகத்தில் ஓட்டினாள். ஒரு திருப்பத்தில் கார் திரும்ப மறந்து நேரே போனது. நடைபாதை ஓரத்தில் இடித்துத்தான் நின்றது. செபமாலை ஆடியது. இருவரும் அதைப் பார்க்காமல் இருந்தார்கள். பிறகு அவள் பின்னுக்கு எடுத்து, இன்னும் மெதுவாக ஓட்டினாள்.

"கஸ்பர் அண்ணா, கையெழுத்துத்தானே? இஞ்சயே வையுங்கோ," என்றார் துர்க்கா. வீட்டு அறிவித்தல் எழுதும் வெள்ளைப் பேனை ஒன்று அவர் கைப்பைக்குள்ளேயே இருந்தது. இதைக் கஸ்பர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏழு கிழமை ஒன்றியத்தோடு இருந்தவனுக்கு ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"இல்லை, துர்க்கா. உங்கட பிரதியில ஒரு அச்சுப்பிழை வந்திட்டுது."

"ஐயோ. முதற்பிரதியிலயோ?"

"ஓம். திருத்திக் கொண்டுவந்து தாறன்."

"திருத்தித் தாங்கோ அண்ணா. அவசரமில்லை. எனக்கு ரயர் எதுக்கு, நான் லீஸ் கார்தானே ஓடுறன். முதற்பிரதி எண்டு வாங்கினதுகள் எல்லாம் வீட்டுக் கராஜில கிடக்குது. எட்டு நாவல், ரெண்டு கவிதை, ஒரு வீணை அரங்கேற்றத்து நினைவுக்கேடயம். அதுகளால காரை உள்ள விடேலாமல் வெளியிலதான் விடுறன்." அவர் கார்த் திறப்பைக் கையில் எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. "வந்தனீங்கள், வீட்டைப் பாக்காமல் போறதோ?"

பார்த்தார்கள். நாலு படுக்கையறை, மூன்று குளியலறை, குசினிக்குள் ஒரு குசினி. தனிவாசல் வைத்த பேஸ்மென்றை, குடும்பமாக வாடகைக்கு விட்டால் மோட்கேஜ் கடனின் பாதியை அதுவே கட்டும் என்று துர்க்கா விளக்கினார். தனிவாசல் வைத்த பேஸ்மென்றில் குடும்பமாக வாடகைக்கு இருக்கும் கஸ்பரும் வேரோனிக்காவும் தலையை ஆட்டினார்கள். விலையைக் கேட்டபோது கஸ்பர் யோசிக்க வேண்டும் என்றான். அதற்குப் பிறகுதான் துர்க்கா தன் காரின் டிக்கியைத் திறந்தார்.

கொறோலாவின் டிக்கியிலும் பின் சீற்றிலும் ஏற்கெனவே மூன்று ரயர். நாலாவதைக் கஸ்பர் மடியில் வைத்துக்கொண்டான். பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது. சுலக்சனின் கராஜுக்குள் நுழையும்போது மணி ஆறாக எட்டு நிமிடம் இருந்தது.

சுலக்சன் தங்கத்தாளைக் கிழித்தான். ரிபனைக் கழற்றினான். சந்தனம் குங்குமத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு குனிந்து பக்கத்தைத் தடவி, மலையையும் ஸ்னோப்பூவையும் கண்டுபிடித்தான்.

"அங்கிள், திஸ் இஸ் த சேம் வண். நான் ஒக்ரோபரில சொன்ன ரயர். என்னட்டை அண்டைக்கே ஸ்ரொக்கில இருந்தது."

குல்லாய்க்குள் இருந்து சரியான துண்டுதான் வந்திருக்கிறது. அதற்காவது கடவுளுக்கு நன்றி சொல்லலாம்.

ரயர்களைத் தூக்கிப் பூட்டப்போகும் நேரத்தில் வேரோனிக்கா மறித்தாள். "கையெழுத்தை வையுங்கோ."

"விசரோ? ஆர் பாக்கிறது?"

"கையெழுத்து வைக்கிறன் எண்டு சொல்லித்தானே வாங்கினனீங்கள். பொய் சொல்லி வாங்கின ரயரில நான் ஹைவேயில போகமாட்டன்."

சுலக்சன் ரயருக்கு அடையாளம் போடும் வெள்ளைச் சோக்கை நீட்டினான். கஸ்பர் முழந்தாளில் நின்று எழுதினான். சட்டத்தரணிக்குப் பட்டங்களோடு. பலகாரக்கடைக்குக் கடைப் பெயரோடு. மண்டபத்துக்காரருக்குப் பெரிய எழுத்தில். துர்க்காவுக்கு, 'பிழை திருத்திய பதிப்பு' என்று ஒரு வரி கூட. நாலிலும் 'அன்புடன், கஸ்பர்.'

"எப்ப திருப்பிக் குடுக்கிறது?" என்று கேட்டான்.

"தேஞ்சாப் பிறகு," என்றாள் வேரோனிக்கா.

திங்கட்கிழமை நாலரைக்குத் தெரு கணுக்கால் புதையும் வெள்ளையாகக் கிடந்தது. ஸ்னோ தள்ளும் மெசின் இன்னும் வரவில்லை. கஸ்பர் பேஸ்மென்ற் வாசலில் நின்று பார்த்தான். கார் மெல்ல அசைந்தது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் 'அன்புடன்' ஒருமுறை மேலே வந்து கீழே போனது. பிறகு மறுபடியும் வந்தது. மூலையில் கார் நின்று, திரும்பவேண்டிய பக்கம் திரும்பியது. அது போன தடம் இரண்டு கோடாக, ஒரு கோணலும் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் குளிரில் நிறைய நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து, படுக்காமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

ஐந்து நாற்பதுக்கு எடுத்தாள். "வந்து சேர்ந்திட்டன்," என்றாள். பின்னால் வெயார்ஹவுஸ் கதவு திறக்கும் இரைச்சல் கேட்டது. "வழியில ரெண்டு கார் பள்ளத்துக்குள்ள கிடந்தது. எங்கடை பேசாமல் வந்தது." வைத்துவிட்டாள்.

கஸ்பர் கண்ணை மூடினான். அப்போதுதான் போன் அதிர்ந்தது. ஒன்றியத்தின் குழுவில் தலைவர் விழாப் படங்களைப் போட்டிருந்தார். 'குளிர்கால நலத்திட்டம் மாபெரும் வெற்றி.' நாலு பிரமுகர்கள், நாலு ரயர். ஒரு படத்தின் ஓரத்தில் பொன்னாடையின் நுனி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. எல்லோரும் கைகூப்பும் படங்களைப் போட்டு முடிந்ததும், மார்க்கம் நகரில் இருக்கும் மயூரி என்ற பிள்ளை ஒரு வரி எழுதினாள்.

'காருக்கு நல்ல வைப்பர் எது? கண்ணாடியில ஐஸ் ஒட்டாததா, மலிவா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.'

கஸ்பர் எழும்பி நின்றே விட்டான். இலக்கத்தைத் தேடி எடுத்து, அந்த விடியற்காலையில் அவளுக்குப் போன் அடித்தான்.

"பிள்ளை, நான் கஸ்பர் அங்கிள். உதை அழி."

"எதை அங்கிள்?"

"இப்ப கேட்டதை. கெதியா அழி. கடையில போய் எது கிடக்கோ அதை வாங்கு. ஒருத்தரிட்டையும் கேளாதை."

"ஏன் அங்கிள், சும்மா வைப்பர்தானே..."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்தான். குழுவின் பெயருக்குக் கீழே, சின்னப் பச்சை எழுத்தில், தலைவர் மகேஸ்வரன் எழுதிக்கொண்டிருந்தார்.